ரெண்டரை சாரின் மேசை

அந்தக் கட்டடக் கம்பெனியில் இன்ஜினியரின் அறைக்கும் பெரிய கொத்தனாரின் கொட்டகைக்கும் நடுவே ஒரு மேசை கிடந்தது. மேசைக்குப் பின்னால் ரெண்டரை சார் உட்கார்ந்திருந்தார். இன்று நேற்றல்ல, பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்த வேலையைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அவர் அதைச் சிரிக்காமல்தான் பார்த்தார்.

இன்ஜினியருக்கு மில்லிமீட்டர் மட்டும்தான் ஆகும். கொத்தனாருக்கு அடி, இஞ்ச், நூல் மட்டும்தான் ஆகும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இன்ஜினியர் ஒரு சீட்டில் 2100 என்று எழுதி மேசையின் வலதுபக்கத் தட்டில் போடுவார். ரெண்டரை சார் அதை எடுப்பார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கால்குலேட்டரில் தட்டுவார். கால்குலேட்டரையும் முழுசாக நம்பாமல் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பார். பிறகு இன்னொரு சீட்டில் '6 அடி, 10 இஞ்ச், 5 நூல்' என்று முத்து முத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி இடதுபக்கத் தட்டில் வைப்பார். கொத்தனார் வந்து எடுத்துக்கொண்டு போவார். கொத்தனாருக்குச் சந்தேகம் வந்தால் அது இஞ்சில் வந்து மில்லிமீட்டராகத் திரும்பிப் போகும். வேலை அவ்வளவுதான்.

ஒரு இஞ்ச் என்பது இரண்டரை சென்டிமீட்டர், சொச்சம். அதனால்தான் சைட்டில் எல்லாரும் அவரை ரெண்டரை சார் என்றார்கள். அந்தப் பெயரில் அவருக்குப் பெரிய மனக்குறை உண்டு. "ரெண்டரை இல்லய்யா, ரெண்டு புள்ளி அஞ்சு நாலு. அந்த நாலை விட்டுட்டா மாடி எங்க போய் முட்டும்னு யோசிச்சீங்களா?" என்பார். யாரும் யோசித்ததில்லை. அந்த நாலைக் காப்பாற்றுவதற்கென்றே தன்னைப் பெற்றுப் போட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதில் கூத்து என்னவென்றால், இன்ஜினியரின் சட்டைப் பையிலும் கொத்தனாரின் இடுப்பிலும் இருந்தது ஒரே மாதிரி டேப். கடையில் கிடைக்கிற சாதாரண எஃகு டேப். அதில் மேலே இஞ்ச், கீழே சென்டிமீட்டர். ஒரே தகட்டில் இரண்டு வரியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டிப் படுத்திருந்தன. இன்ஜினியர் மேல் வரியைப் பார்த்ததில்லை. கொத்தனார் கீழ் வரியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த மேசை எதற்கு?

ஏன் பார்க்கவில்லை என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜன்னல் விஷயமாக இன்ஜினியர், "ஆயிரத்து இருநூறு வைங்க" என்றார். கொத்தனார் மனசுக்குள் கணக்குப் போட்டு, "அதாவது நாலடிக்கு முக்கால் இஞ்ச் கம்மி" என்றார். இன்ஜினியருக்குச் சுருக்கென்றது. "என் அளவு எதுக்கும் கம்மி இல்ல" என்றார். "என் அடியும் யார் காலுக்கும் கீழ இல்ல" என்று கொத்தனார் எழுந்து நின்றார். அன்றைக்கு ஜன்னல் நின்றது. மறுநாள் சுவர் நின்றது. மூன்றாம் நாள் முதலாளி வந்தார். ஸ்டோரில் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ரெண்டரை சாரைப் பார்த்து, "உனக்குப் பெருக்கல் வகுத்தல் தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்ன வாயோடு அவரை அந்த மேசையில் உட்கார்த்திவிட்டுப் போனார்.

அதன்பிறகு இரண்டு பேரும் நன்றாகத்தான் பழகினார்கள். ஒரே தட்டில் வந்த டீயைக் குடித்தார்கள். பல்வலி, முதுகுவலி, மழை எப்போது வரும் என்று எல்லாம் பேசினார்கள். பேச்சில் அளவு என்று ஒன்று தலைகாட்டிவிட்டால் மட்டும் இருவரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்கள். "நேத்து எங்க தெருவுல தண்ணி ஏறிடுச்சு சார்" என்பார் கொத்தனார். "எவ்வளவு?" என்பார் இன்ஜினியர். கொத்தனார் ரெண்டரை சாரைப் பார்த்து, "ஒன்றரை அடி" என்பார். ரெண்டரை சார் இன்ஜினியரைப் பார்த்து, "நானூத்தி அம்பத்தேழு புள்ளி ரெண்டு" என்பார். "அடேயப்பா" என்று இன்ஜினியர் கொத்தனாருக்காக வருத்தப்படுவார்.

வீட்டில் ரெண்டரை சாருக்கு ராஜ மரியாதை. "எங்க வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம அங்க ஒரு செங்கல் நகராது" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் கிடையாது. பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "சார், இந்த ஜன்னலுக்குத் திரை எத்தனை மீட்டர் பிடிக்கும்?" என்று கேட்டபோது, "அடியில அளந்து கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினார். எவ்வளவு பெரிய மனுஷர், இதற்கெல்லாம் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பாரா என்று அந்தம்மாவும் எடுத்துக்கொண்டார்.

மனைவியின் தம்பிக்கு மட்டும் இந்த வேலையில் மதிப்பு இல்லை. அவன் தகரப் பட்டறை வைத்திருந்தான். "மச்சான், ஒரு கால்குலேட்டர் பார்க்குற வேலைக்கு உங்களுக்கு ஒரு கால்குலேட்டரும் குடுத்திருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியல" என்பான். ரெண்டரை சார் காதில் வாங்காத மாதிரி இருப்பார். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சிமெண்ட் மூட்டை எண்ணுவதற்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. இந்த மேசை போனால் உலகத்தில் அவருக்கு வேறு மேசை கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் கொத்தனார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்.

பத்து நாள் லீவு முடிந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்க்கிறதையெல்லாம் புதுசாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். மேசைக்கு வந்து, "சார், உங்க காதுல இவ்வளவு முடி இருக்கா?" என்று கேட்டார். ரெண்டரை சாருக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. அடுத்த கேள்விதான் இடித்தது. கொத்தனார் இடுப்பிலிருந்த டேப்பை உருவி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏன் சார், இதுக்குக் கீழ பொடிப்பொடியா ஏதோ போட்டிருக்கே, என்னது?" என்றார்.

"எது?"

"இதோ. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போகுது."

"அது கம்பெனி நம்பர்."

"வரிசையா இருக்கே சார்?"

"பின்ன, கம்பெனிக்காரன் நம்பரை வரிசையாத்தானே போடுவான்?" என்றார் ரெண்டரை சார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

கொத்தனார் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் போகிற வழியெல்லாம் டேப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். அன்று பூராவும் ரெண்டரை சாருக்கு வேலை ஓடவில்லை. ஒரு சீட்டை நாலு தடவை போட்டுப் பார்த்தார். விடை சரியாகத்தான் வந்தது. அதுவே அன்றைக்குப் பயமாக இருந்தது. விடை அங்கே, அந்த ஆளின் இடுப்பிலேயே, ஐந்து மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் கொத்தனார் வலதுபக்கத் தட்டில் கிடக்கிற சீட்டையும் பார்த்து, டேப்பின் கீழ் வரியையும் பார்த்து, ஒரு சைபரைச் சேர்த்தோ கழித்தோ பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

முதலில் கீழ் வரிமேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டலாமா என்று யோசித்தார். அது பிய்ந்துவிடும். பெயிண்ட் அடிக்கலாமா என்று யோசித்தார். சிமெண்ட் உரசி உதிர்ந்துவிடும். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் மச்சானின் பட்டறையைத் தாண்டினார். உள்ளே அவன் தகட்டை நீளவாக்கில் நறுக்கிக்கொண்டிருந்தான். ரெண்டரை சார் நின்றார். அவர் வாழ்க்கையில் சொந்தமாகத் தோன்றிய முதல் யோசனை அதுதான்.

மறுநாள் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். சைட்டில் உள்ள நாற்பது டேப்புகளிலும் ஒவ்வொருவருக்கும் வேண்டாத எண்கள் பாதி இருக்கின்றன. அவை கண்ணை உறுத்துகின்றன, கவனத்தைக் கலைக்கின்றன. ஆகவே டேப்புகளை நீளவாக்கில் நறுக்கி, இஞ்ச் வேண்டியவர்களுக்கு இஞ்சும் சென்டிமீட்டர் வேண்டியவர்களுக்குச் சென்டிமீட்டரும் தனித்தனியாக வழங்கினால் நன்று. மேலும், இதனால் நாற்பது டேப்புகள் எண்பதாகும்.

முதலாளி கடிதத்தில் கடைசி வரியை மட்டும் படித்தார். அவர் மணல் லாரியில் கிளீனராக ஆரம்பித்து மேலே வந்தவர். இருப்பது இரட்டிப்பாகும் என்றால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவரிடம் இல்லை. "இந்த மூளையை இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?" என்று ரெண்டரை சாரின் தோளில் தட்டினார்.

மச்சான் நறுக்கிக் கொடுத்தான். ஒவ்வொரு பாதிக்கும் நுனியில் ஒரு கொக்கி அடித்து, தகர டப்பாவில் சுருட்டி, கையால் சுற்ற ஒரு பிடியும் வைத்தான். நறுக்கும்போது, "மச்சான், நான் கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்கறேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா யாருக்கு என்ன கஷ்டம்?" என்றான்.

"உனக்குப் புரியாது. உன் வேலையைப் பாரு" என்றார் ரெண்டரை சார்.

இன்ஜினியர் தன் பாதியைப் பார்த்துக் குளிர்ந்துபோனார். "அப்பாடா, அந்த இஞ்ச் கசடு போச்சா?" என்றார். கொத்தனாரும் இழுத்துப் பார்த்து, "கைக்கு லேசா இருக்கு சார். அந்தக் கம்பெனி நம்பர் தொந்தரவும் இல்ல" என்றார். ரெண்டரை சார் அன்று சாப்பாட்டுக் கேரியரை மிச்சமில்லாமல் காலி செய்தார். பல நாளாக அப்படிச் சாப்பிட்டிருக்கவில்லை.

டேப்பு என்பது வெறும் எண் அச்சடித்த தகடு இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முழு டேப்பு நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் அதை விறைப்பாக நிறுத்துகிறது. சுவரோடு மேலே ஏற்றினால் சிப்பாய் மாதிரி நிற்கும். பாதியாக நறுக்கியதும் அந்த விறைப்பு போய்விட்டது. ரிப்பன் ஆகிவிட்டது. கீழே கொக்கியை மாட்டி மேலே பிடித்தால் நடுவில் தொப்பை போட்டது. ஆறடி பத்து என்று டேப்பு சொன்ன இடம் உண்மையில் ஆறடி எட்டாக இருந்தது. கொத்தனார் டேப்பு சொன்ன இடத்தில் வாசலை முடித்தார். இன்ஜினியர் வந்து தன் பாதியால் சோதித்தார். அதுவும் அதே அளவு தொப்பை போட்டது. 2100 என்றது. "பர்ஃபெக்ட்" என்றார். இப்படி நாலு மாடி விடுதிக்கு அறுபத்து நாலு வாசல் வைத்தார்கள்.

அந்த மூன்று மாதமும் ரெண்டரை சாரின் பொற்காலம். முன்னைவிட அதிகமாகச் சீட்டுகள் வந்தன. ஏனென்றால் எதுவும் எதனோடும் சரியாக உட்காரவில்லை. படிக்கட்டு தளத்தைத் தொடாமல் ஒரு விரல் கீழேயே நின்றது. ஜன்னல் கட்டை திமிறியது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமிருந்தும் கேள்வி, விளக்கம், மறுவிளக்கம். தட்டுகள் நிரம்பி வழிந்தன. முதலாளி அவருக்கு ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். மனைவி தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். வேலை கூடினால் கட்டடம் நன்றாக எழுகிறது என்றுதானே அர்த்தம் என்று ரெண்டரை சார் நினைத்துக்கொண்டார்.

பிறகு கதவுகள் வந்தன.

வேறு ஊரிலிருந்து, வேறு கம்பெனியிலிருந்து, முழு டேப்பால் அளந்து செய்த இரும்புக் கதவுகள். அறுபத்து நாலும் லாரியிலிருந்து இறங்கின. முதல் கதவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார்கள். கதவு வாசலைவிட உயரமாக நின்றது. சாய்த்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். தலைகீழாக வைத்துப் பார்த்தார்கள். கதவைத் தலைகீழாக வைத்தால் குள்ளமாகிவிடும் என்று அந்த நேரத்தில் நாலு பேர் மனப்பூர்வமாக நம்பினார்கள். மரமாக இருந்தால் இழைக்கலாம். இரும்பை என்ன செய்வது? இரண்டாவது கதவைக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் அறுபத்து நாலு கதவும் அறுபத்து நாலு வாசலுக்கு வெளியே, உள்ளே கூப்பிடாத விருந்தாளிகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்து நின்றன.

ரெண்டரை சாரும் போய்ப் பார்த்தார். கையில் தன்னுடைய சீட்டு நகல்கள். 2100, ஆறடி பத்து இஞ்ச் ஐந்து நூல். சரி. மூன்று தடவை போட்டுப் பார்த்தார், சரி. வாசலை நிமிர்ந்து பார்த்தார். வாசல் மாதிரிதான் இருந்தது. கொத்தனார் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். அவர் மாட்டிவிட்டு வந்த இஞ்ச் டேப்பு, கொக்கி வாசலின் அடியிலும் மேல்பாகம் தலைப்பக்கச் செங்கல் இடுக்கிலுமாகச் செருகியபடி நின்றது. காற்றுக்கு அதன் நடுப்பகுதி புடைத்துப் புடைத்து அமுங்கியது. ரெண்டரை சார் அதை ஒரு விரலால் சுவரோடு அழுத்தினார். மேல் முனை சரசரவென்று இரண்டு இஞ்ச் மேலே ஏறியது. விரலை எடுத்தார். இறங்கியது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை முதலாளி மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு உங்க மில்லிமீட்டரும் தெரியாது, அடியும் தெரியாது" என்று ஆரம்பித்தார் முதலாளி. "கதவு மூடணும், திறக்கணும். எனக்குத் தெரிஞ்ச அளவு அதுதான். இப்ப சொல்லுங்க, யாரு தப்பு?"

"நான் ரெண்டாயிரத்து நூறு எழுதினேன். சீட்டு இருக்கு" என்றார் இன்ஜினியர்.

"நான் ஆறடி பத்து இஞ்ச் அஞ்சு நூல் வச்சேன். சீட்டு இருக்கு" என்றார் கொத்தனார்.

இருவரும் மேசை இருக்கும் பழக்கத்தில் நடுவே திரும்பினார்கள். அங்கே ரெண்டரை சார் நின்றார். தன் நகல்களை முன்னால் வைத்தார். முதலாளி கால்குலேட்டரை வாங்கித் தானே தட்டினார். தப்பாகத் தட்டி, திரும்பத் தட்டி, நிமிர்ந்தார்.

"இதுவும் சரியாத்தான் இருக்கு. அப்ப மூணு பேரும் சரி, கதவுதான் தப்பா?"

முதலாளி ரெண்டரை சாரையே உற்றுப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க தினம் அந்த வராந்தா வழியாத்தான போறீங்க? ஆறடி பத்து இஞ்ச்னு எழுதினது நீங்க. கட்டியிருக்கற வாசலைப் பார்த்தா குள்ளமா இருக்குன்னு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"பார்த்தேன் முதலாளி."

"பார்த்து?"

"எனக்குத் தெரியல."

"ஏன் தெரியல? பதினோரு வருஷமா அளவோட குடும்பம் நடத்துறீங்க. ஒரு மீட்டர்னா எவ்வளவு? கையை விரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

ரெண்டரை சார் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். விரித்தார். போதாது என்று தோன்றியது. இன்னும் விரித்தார். அதிகம் என்று தோன்றியது. சுருக்கினார். மீட்டர் என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார்! அதற்கு ஒரு நீளம் உண்டு, அது எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ முடிகிறது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு அடியைக் காட்டச் சொல்லியிருந்தாலும் இதே கதிதான். பதினோரு வருஷமாக அவர் ஒரு பொருளைக்கூட அளந்ததில்லை. வெட்கமாக இருந்தது. பத்து ஆள் முன்னால் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது. ஏதோ ஒரு இடத்தில் கைகளை நிறுத்திக்கொண்டார்.

"அளந்து பாருங்க" என்றார் முதலாளி.

கொத்தனார் தன் பாதி டேப்பை எடுத்து அவருடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்தார். "ரெண்டடி ஏழு இஞ்ச்" என்றார். இன்ஜினியர் தன் பாதியைப் பிடித்தார். "எழுநூத்தி அறுபது" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார் முதலாளி.

இன்ஜினியருக்குத் தெரியவில்லை. கொத்தனாருக்குத் தெரியவில்லை. இருவரும் ரெண்டரை சாரைப் பார்த்தார்கள். முதலாளியும் அவரையே பார்த்தார். அவர் கைகள் நீட்டியபடி இருந்ததால் கால்குலேட்டரைத் தொட முடியவில்லை. மனசுக்குள் போட்டார். முப்பத்தொரு இஞ்ச். இருபத்தைந்து புள்ளி நாலால் பெருக்கினால் எழுநூற்று எண்பத்தேழு. இன்ஜினியர் சொன்னது எழுநூற்று அறுபது. ஒரு இஞ்சுக்குமேல் இடித்தது.

ஒண்ணுதான் முதலாளி என்று சொல்லிவிட்டால் போதும். அந்த அறையில் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. கதவுக் கம்பெனிமேல் பழி போகும், மேசை இருக்கும், மின்விசிறி ஓடும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு தப்பான எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டதில்லை. அவரிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதையும் இங்கே விட்டுவிட்டுப் போனால் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போவது?

"ஒண்ணு இல்ல முதலாளி" என்றார். "ஒரு இஞ்சும் சொச்சமும் இடிக்குது. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. டேப்புதான் தப்பு. நடுவுல தொப்பை போடுது. முழுசா இருந்தப்ப போடல. நறுக்கினதாலதான்."

"நறுக்கினா எண்பது ஆகும்னு நீங்கதான எழுதினீங்க?"

"பயத்துல எழுதினேன். கொத்தனாருக்குக் கண்ணு தெரிஞ்சிடுச்சு. கீழ இருந்தது கம்பெனி நம்பர் இல்ல. இன்ஜினியர் சாரோட அளவுதான் அது. அதைப் பார்த்துட்டா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

முதலாளி கத்துவார் என்று ரெண்டரை சார் கண்ணை மூடிக்கொண்டார். கத்தல் வரவில்லை. கொத்தனாரின் குரல்தான் வந்தது, மெதுவாக.

"அப்ப எப்பவுமே அது என் டேப்புலயே இருந்துச்சா?"

"உங்களோடது என்னோடதுல இருந்திருக்கு" என்றார் இன்ஜினியர். அவர் குரலும் இறங்கியிருந்தது. "எங்க, அதை இப்படிக் கிட்டக் கொண்டாங்க."

இருவரும் இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு சேர்த்தார்கள். ரெண்டரை சாரின் இடது உள்ளங்கையில் இரண்டு கொக்கியையும் ஒன்றாக ஊன்றி, நடுவில் தங்கள் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கைவரை கொண்டுவந்தார்கள். இப்போது அது வளையவில்லை. அவர் விரித்து வைத்திருந்த இரண்டு கைக்கும் நடுவே இருவரின் தலையும் குனிந்து, கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன.

"இது என்னோட நூறு" என்றார் இன்ஜினியர்.

"அது என்னோட நாலு இஞ்சுக்கு அரை நூல் முன்னாடி நிக்குது சார்."

"அரை நூலா? அவ்வளவு பக்கத்துலயா இருந்தோம்?"

"இருநூறைப் பாருங்க சார். எட்டுக்கு ஒரு நூல் முன்னாடி."

"முன்னூறு?"

"ஒரு அடிக்கு ஒன்றரை நூல் முன்னாடி. அட!"

கொத்தனார் சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார். பதினோரு வருஷத்தில் அவர்கள் ஓர் அளவைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை. வாசல்களின் தலையில் இரண்டு இஞ்ச் கொத்திவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். ஐம்பது மில்லிமீட்டர் என்று இன்ஜினியர் சொன்னார். அது போதும் சார் என்று கொத்தனார் சொன்னார். இருவருமே ரெண்டரை சாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளி சற்றுநேரம் அந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவுதானா விஷயம்?" என்றார். பிறகு வாசலில் நின்ற ஆளைக் கூப்பிட்டு, "அந்த நடு மேசையை எடுத்துடு. இனிமே அது வேணாம். ரெண்டு முழு டேப்பு வாங்கிட்டு வா" என்றார். யார்மேலும் கோபம் இல்லாமல், பழுதான பல்பைக் கழற்றச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

ரெண்டரை சாருக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. வெளியே மேசைக்கால் தரையைக் கீறிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. மனைவியிடம் இன்று என்ன சொல்வது என்று நினைத்தார். தோள்பட்டை இரண்டும் இற்றுவிடும்போல வலித்தன. இனி இங்கே தனக்கு என்ன வேலை என்று மெதுவாகக் கைகளை இறக்கப் போனார்.

"சார், சார், கையை இறக்கிடாதீங்க" என்றார் கொத்தனார், குனிந்த தலை நிமிராமலேயே.

"ஆமா, அப்படியே இருங்க" என்றார் இன்ஜினியர். "ஒரு மீட்டருக்கு நீங்க எவ்வளவு குறையுறீங்கன்னு பார்த்துட்டு விட்டுடறோம்."

அவர் கைகளை இறக்காமல் நின்றார்.